நாம் வாழும் ஊர்: குட்மேய்ஸ்

தொலைபேசியில் ஊரவர் கேட்டால் நாம் இலண்டனில் இருப்பதாகச் சொல்லுகிறோம். அது பொய்யன்று. ஆயினும் குட்மேய்சில் வாழும் எம்மவர் வீடுகளுக்கு வரும் கடித உறைகள் பலவற்றில் இலண்டன் என்ற சொல்லே இராது. வீட்டிலக்கம், வீதியின் பெயர், குட்மேய்ஸ், இல்போர்ட், எஸெக்ஸ் என்றே எழுதப்பட்டிருக்கும். 1965ஆம் ஆண்டு இல்போர்ட் நகரசபை அயற்பகுதிகள் சிலவற்றுடன் ஒன்றாக்கப்பட்டு, றெட்பிரிட்ஜ் என்னும் இலண்டன் மாநகரப் பிரிவு உருவானபோது இவ்வூர் எஸெக்ஸ் மாவட்டத்தை விட்டு நீங்கிவிட்டது. கடிதம் எழுதுவோருக்கு மட்டும் அறுபது ஆண்டுகளாகியும் அச்செய்தி எட்டவில்லைப் போலும். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு மட்டும் நகர்ந்தது. எமக்கு நேர்ந்ததோ அதற்கு நேர்மாறானது என்பதனாற்போலும் இந்த முகவரி விசித்திரம் எமக்குப் புன்னகையைத் தருகிறது.

இவ்வாரம் இச்சிற்றூரின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வரலாறு என்றதும் கோட்டை கொத்தளங்களையும் முடிமன்னரையும் தேடுவோர் இங்கு ஏமாந்துபோவர். பக்கத்து ஊருக்குச் 'செவன் கிங்ஸ்', அதாவது 'ஏழு மன்னர்', என்று பெயர் வாய்த்துவிட்டது. குட்மேய்சுக்கு ஒரு மன்னர்தானும் வாய்க்கவில்லை. இடைக்காலத்தில் இப்பகுதியில் நிலம் வைத்திருந்த கோட்மே என்ற குடும்பத்தின் பெயரே திரிந்து ஊரின் பெயராயிற்று என்பர். அக்குடும்பமும் மறைந்து, நிலம் கைமாறிக் கைமாறிச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கே வயல்களும் தோட்டங்களும் சில பண்ணை வீடுகளுமே இருந்தன. உரோமர் காலத்தில் இலண்டனிலிருந்து கொல்செஸ்ரருக்குப் போடப்பட்ட நெடுஞ்சாலை மட்டும் ஊரை ஊடறுத்துச் சென்றது. இன்று நாம் பேருந்துக்குக் காத்துநிற்கும் ஹை ரோட் அச்சாலையின் வழியிலேயே அமைந்தது.

புகையிரதம் வந்தது 1839இல். ஈஸ்ரேண் கவுண்டீஸ் என்னும் கம்பனி மைல் எண்டிலிருந்து றொம்போர்ட் வரை பாதை போட்டது. இல்போர்டில் நிலையம் அமைந்தது, குட்மேய்சில் அமையவில்லை. இறங்குவதற்கு ஆளில்லாத இடத்தில் வண்டி எதற்காக நிற்க வேண்டும்? அறுபத்திரண்டு ஆண்டுகள் வண்டிகள் இவ்வூரின் தோட்டங்களைப் புகையால் நனைத்துக்கொண்டு ஓடின, நிற்கவேயில்லை.

வண்டியை நிற்கவைத்தவர் ஒரு ஸ்கொத்லாந்துக்காரர். ஆர்ச்சிபால்ட் கமரன் கோர்பெற் என்பது அவர் பெயர். 1856இல் கிளாஸ்கோ வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1885 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் கிளாஸ்கோவின் ஒரு தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர். 1911இல் றொவாலன் பிரபு ஆனார். தமது நகரத்துக்கு ஒரு பெரும் பூங்காவை அன்பளிப்பாகக் கொடுத்தவர் என்று கிளாஸ்கோ மக்கள் இன்றும் அவரை நினைப்பர். கிழக்கு இலண்டனிலும் தென்கிழக்கு இலண்டனிலும் பண்ணை நிலங்களை வாங்கி, வீதி வகுத்து, நூற்றுக்கணக்கில் வீடு கட்டி விற்றதே அவருடைய தொழில். செவன் கிங்சிலும் குட்மேய்சிலும் அவர் நிலம் வாங்கியபோது, நிலையம் இல்லாவிட்டால் வீடு விலைபோகாது என்பதை அறிந்திருந்தார். ஆகவே புகையிரதக் கம்பனியுடன் பேரம் பேசினார். 1899இல் செவன் கிங்ஸ் நிலையம் திறக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு பெப்ரவரியில் குட்மேய்ஸ் நிலையம் திறக்கப்பட்டது. ஊர் தோன்றிய பின் நிலையம் வருவதே உலக வழக்கு. இங்கு நிலையமும் ஊரும் ஒரே பேரத்திற் பிறந்தன.

ஊர் எத்துணை விரைவாக எழுந்தது என்பதை மக்கட்தொகைக் கணக்கே சொல்லும். 1891இல் இல்போர்ட் முழுவதிலும் ஏறத்தாழ 11,000 பேர் இருந்தனர். 1901இல் 41,000 பேர். 1911இல் 78,000 பேர். இருபது ஆண்டுகளில் ஏழு மடங்கு! இவர்களில் எவர் இவ்வூரவர்? ஏறக்குறைய எவருமில்லை. அனைவரும் வந்தேறிகள். இலண்டன் நகரத்துக் கந்தோர்களிலும் வங்கிகளிலும் காப்புறுதிக் கம்பனிகளிலும் எழுதுவினைஞராக இருந்தவர்கள். கிழக்கு இலண்டனின் நெருக்கடியான வீதிகளில் வாடகை கொடுத்துச் சலித்தவர்கள். முன்புறத்தில் வளைந்த சாளரமும் பின்புறத்தில் ஒரு துண்டு நிலமும் உள்ள வீடு வேண்டும் என்று கனாக்கண்டவர்கள். காலையில் வண்டியேறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குப் போய், மாலையில் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை தோட்டம் கொத்தினார்கள்.

இந்தச் சித்திரம் யாழ்ப்பாணத்தவருக்குப் புதியதன்று. எமது பாட்டன் பூட்டன்மாரும் எழுதுவினைஞரே. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்கு முதற் புகையிரதம் ஓடியது 1902இல். கொழும்புவரை பாதை இணைந்தது 1905இல். குட்மேய்ஸ் நிலையத்துக்கும் எமது ஊர் நிலையங்களுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவர்களுடைய எழுதுவினைஞர் மாலையில் வீடு திரும்பினார். எம்மவரோ கொழும்பிலும் மலாயாவிலும் கந்தோர் பார்த்து, ஆண்டுக்கொருமுறையோ ஓய்வூதியத்தோடோ திரும்பினார். 1990இல் யாழ்ப்பாணத்துப் பாதை போரால் அறுந்தது. 2014இலேயே மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தில் வண்டி நின்றது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் எம்மவர் பலர் குட்மேய்ஸ் நிலையத்தின் பயணச்சீட்டு வாங்கப் பழகிவிட்டனர்.

கோர்பெற்றைப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். அவர் மதுவிலக்குக் கொள்கையினர். தாம் கட்டிய குடியிருப்புகளில் மதுக்கடை எழ அவர் இடமளிக்கவில்லை. ஆங்கிலேயரின் ஊர் என்றால் மூலைக்கொரு மதுக்கடை இருக்கும். அதன் பெயராலேயே பேருந்துத் தரிப்பிடமும் அழைக்கப்படும். குட்மேய்சின் உள்வீதிகளில் நடந்து பார்ப்பவருக்கு வரிசை வரிசையாக வீடு மட்டுமே தெரியும். வீதிகள் சற்று உறக்கமானவை என்று குறை கூறுவாருளர். பிள்ளை வளர்ப்போருக்கு அது குறையன்று. ஆனால் அந்த வீதிகளின் முனையில் இன்று பலசரக்குக் கடை நடத்தும் எம்மவருள் எத்தனை பேரின் அலுமாரிகளில் விஸ்கியும் வைனும் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கோர்பெற் பிரபு எழுந்து வந்து பார்ப்பாராயின் என்ன சொல்வாரோ! கடைக்காரரை நாம் குறைகூறவில்லை. பாலிலும் பாணிலும் கிடைக்கும் ஆதாயம் கடை வாடகைக்குக் காணாது என்பதை யாவரும் அறிவோம்.

நிலையம் திறந்த அதே 1901ஆம் ஆண்டிலேயே, பார்லி லேன் வழியே சற்று வடக்கே, இன்னொரு கட்டடமும் திறக்கப்பட்டது. அதன் கதையே எம்மை அதிகம் சிந்திக்கவைத்தது.

வெஸ்ற்ஹாம் அக்காலத்தில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த, வறியோர் மிகுந்த நகரம். 1889இல் அது தனி மாவட்டத் தகுதி பெற்றது. அத்தகுதியுடன் ஒரு கடமையும் வந்தது: தன் மனநோயாளரைத் தானே பராமரிக்க வேண்டும். நகருக்குள் அதற்கு இடமில்லை. ஆகவே நகரப் பொறியியலாளர் லூயிஸ் ஏஞ்சல் வரைந்த திட்டப்படி, குட்மேய்சின் வயல்வெளியில் பெரும் கட்டடத் தொகுதியொன்றை எழுப்பியது. அதற்கு அவர்கள் இட்ட பெயரைக் கவனியுங்கள்: 'வெஸ்ற்ஹாம் பறோ அசைலம்'.

அசைலம்! இந்த ஒரு சொல்லைக் கேட்டால் எம்மவர் நெஞ்சு ஒரு கணம் நின்று துடிக்கும். எத்தனை படிவங்களில், எத்தனை சட்டத்தரணிகளின் கந்தோர்களில், எத்தனை மொழிபெயர்ப்பாளரின் வாயால் அச்சொல்லைக் கேட்டிருக்கிறோம்! கிரேக்க மொழியில் அதன் மூலப்பொருள் பறித்தெடுக்கவியலாத இடம் என்பது; கோயிலுக்குள் ஓடிப் புகுந்தவனை வெளியே இழுக்கலாகாது என்பது அதன் கருத்து. அதே சொல்லை ஆங்கிலேயர் முன்னாளில் மனநோயாளரைப் பூட்டி வைத்த மாளிகைகளுக்கும் இட்டனர். 1930ஆம் ஆண்டுச் சட்டமொன்று அப்பயன்பாட்டை நிறுத்தி, 'மனநோய் வைத்தியசாலை' என்ற பெயரை முன்வைத்தது. நோயாளர் அச்சொல்லை விட்டு வெளியேறினர். பின்னர் அகதிகள் அதற்குள் நுழைந்தோம். 1993ஆம் ஆண்டில் பிரித்தானியா இயற்றிய சட்டமே அச்சொல்லைத் தன் தலைப்பிற் சுமந்த முதற் குடிவரவுச் சட்டம்.

குட்மேய்ஸ் அசைலம் பின்னர் குட்மேய்ஸ் வைத்தியசாலை எனப் பெயர் மாறியது. ஆயினும் பழைய கிழக்கு இலண்டன்வாசிகளுக்கு அவ்வூரின் பெயரைச் சொன்னாலே முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கட்டடமே. எமக்கு அங்கொடை எப்படியோ அப்படி. கொழும்புக்கு அருகே ஒரு சாதாரண ஊரான அங்கொடை, 1920களில் அங்கு மனநோய் வைத்தியசாலை அமைந்த பின்னர் நாடு முழுவதும் கேலிச்சொல்லாகிவிட்டது. "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று பள்ளிக்கூடத்தில் ஏசப்படாதவர் எம்மில் எவர்? அவ்வாறு ஏசி வளர்ந்த நாம், உலகத்தின் மறுமூலைக்கு வந்து, இன்னொரு தேசத்தின் அங்கொடைக்கு அருகில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம்.

இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று. செல்வீச்சையும் சிறையையும் காணாமற்போனோரையும் கண்டு வந்த சமூகம் எமது. போர் மனத்தில் இட்ட வடுக்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்தே ஆராய்ந்து எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் பல்லாண்டுகளாக இதனைச் சொல்லி வருகின்றனர். எமது வீடுகளிலோ கதை வேறு. நெஞ்சுநோய் என்றால் நான்கு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வோம். நீரிழிவுக்கு என்ன குளிசை என்று கோயில் வாசலில் நின்று ஒப்பிட்டுப் பார்ப்போம். மகன் ஆறு மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லை, இரவில் எவரோ கதவைத் தட்டுவதாக எழுந்து உட்காருகிறான் என்றால் மட்டும் "அவனுக்கு இரவு வேலை" என்று அயலவருக்குச் சொல்லுவோம். கண்ணூறு கழிப்போம், நூல் கட்டுவோம், அர்ச்சனை செய்விப்போம். செய்யட்டும், மனத்துக்கு ஆறுதல் தருவதை நாம் தடுப்பதற்கில்லை. ஆனால் பார்லி லேன் வளாகத்தில் இன்றும் மனநலச் சேவைகள் இயங்குகின்றன. அவை எமது வரிப்பணத்தாலும் இயங்குகின்றன. மருத்துவரிடம் பேசும்போது தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை. தாயின் நோயைப் பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கும் வழக்கத்தையாவது இன்றோடு விட்டுவிடுவோமாக.

அதே பார்லி லேனில், பழைய வளாகத்தின் அருகிலேயே, 1993இல் கிங் ஜோர்ஜ் வைத்தியசாலை இடம்மாறி வந்தமைந்தது. 2013இல் அதன் மகப்பேற்றுப் பிரிவு மூடப்படும்வரையான இருபது ஆண்டுகளில் எம்மவர் பிள்ளைகள் பலர் அங்கேதான் பிறந்தனர். இவர்களைப் பற்றிக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் பேசுவோம்.

இப்பொழுது மறுபடியும் புகையிரதப் பாதைக்கு வருவோம். குட்மேய்ஸ் ஊடாகச் செல்லும் அந்த இருப்புப்பாதை றொம்போர்ட்டுடன் நிற்பதன்று. கொல்செஸ்ரரைக் கடந்து ஹாரிச் துறைமுகம்வரை கிளை விடுவது. 1938ஆம் ஆண்டு டிசம்பரில், நாசிகளிடமிருந்து காப்பாற்றப்பட்ட யூதப் பிள்ளைகளின் முதற் தொகுதி ஹாரிச்சில் வந்திறங்கியது. அடுத்த ஆண்டு போர் மூளும்வரை ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் வந்தனர், பெரும்பாலோர் அத்துறைமுகம் வழியாகவே. ஜேர்மனி, ஒஸ்திரியா, செக் நாடு எனப் பல இடத்துப் பிள்ளைகள். பிராக் நகரிலிருந்து நிக்கலஸ் வின்ரன் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் மீட்டவர்கள் மட்டும் 669 பேர். 1939 செப்ரெம்பர் முதலாந் திகதி புறப்படவிருந்த கடைசி வண்டி புறப்படவேயில்லை. முன்னர் தப்பியவர்கள், கழுத்தில் இலக்க அட்டையுடன், ஹாரிச்சிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டை நோக்கி வந்தனர். அதற்கு வேறு பாதை இல்லை. குட்மேய்ஸ் வழியாகவே வந்தனர். வண்டி இங்கு நின்றிராது. சாளரத்தோடு முகம் வைத்திருந்த ஏதோவொரு பிள்ளை எங்கள் வீடுகளின் பின்தோட்டங்களைக் கண்டிருக்கும். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலைய வாசலில் பெட்டிகளுடன் நிற்கும் பிள்ளைகளின் வெண்கலச் சிலை 2006இல் வைக்கப்பட்டது. வேலைக்கு ஓடும் அவசரத்தில் அதைக் கடந்துபோகும் எம்மவர் ஒருநாள் இரண்டு நிமிடம் நின்று பார்க்கலாம்.

ஹாரிச்சுடன் எமக்கும் நேரடித் தொடர்புண்டு. 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு நுழைவு அனுமதி கட்டாயம் என்றது. பொதுநலவாய நாடொன்றுக்கு இந்நாடு அவ்வாறு விதித்தது அதுவே முதற்தடவை. 1987இல், முன்னர் பயணிகளை ஏற்றி ஓடிய 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலை ஹாரிச் துறையிற் கட்டி, அகதி விண்ணப்பதாரரை அதில் தடுத்துவைத்தனர். அவர்களுள் தமிழர் பலர். அவ்வாண்டு ஒக்ரோபர் நடுப்பகுதியில் தென் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட பெரும்புயலில் அக்கப்பல் கட்டறுந்து அலைந்தது. சட்டத்தரணிகளும் மனிதாபிமானிகளும் மாதக்கணக்காக வாதாடியும் திறவாத கதவை ஓரிரவுக் காற்று திறந்தது. அதன்பின் உள்ளிருந்தோர் தற்காலிக அனுமதியுடன் கரையேற்றப்பட்டனர்.

இனி ஊரின் மற்றைய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1903 முதல் ஹை ரோட்டில் ட்ராம் வண்டி ஓடியது. தெற்கே 1921 முதல் 1935 வரை இலண்டன் மாவட்ட சபை பெக்கன்ரீ என்னும் மாபெரும் தொழிலாளர் குடியிருப்பைக் கட்டியது. வீடுகள் ஏறத்தாழ 26,000. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஜேர்மனியர் ஏவிய வி-2 ஏவுகணைகளுள் 35 இல்போர்ட் எல்லைக்குள் விழுந்தன; இலண்டனின் வேறெப்பகுதியும் அத்தனை வாங்கவில்லை. ஒரே அச்சில் வார்த்த வீடுகளின் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் புதுமாதிரி வீடு நிற்கக் கண்டால், அங்கே முன்பு நின்ற வீட்டுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எமக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. இல்போர்டிற்குப் பெயர் தேடித் தந்தது இன்னொன்று: 1879இல் அல்பிரட் ஹார்மன் என்பவர் அங்கு தொடங்கிய புகைப்படத் தகட்டுத் தொழில். கறுப்பு வெள்ளைக் காலத்தில் படம் கழுவியவர்களுக்கு இல்போர்ட் என்பது ஊரின் பெயரன்று, தாளின் பெயர். தொழிற்சாலை 1970களிலேயே ஊரை விட்டுப் போய்விட்டது.

கிழக்கு இலண்டனில் வந்திறங்கியவர் எவராயினும், கையில் நான்கு காசு சேர்ந்ததும் இதே பாதை வழியே கிழக்கு நோக்கி நகர்வது நூறாண்டு வழக்கம். எழுதுவினைஞர் வந்தனர். 1930களிலிருந்து வைற்சப்பல் யூதர்கள் இல்போர்ட் பக்கம் வந்தனர். பஞ்சாபியரும் குஜராத்தியரும் வங்காளியரும் வந்தனர். எம்மவர் முதலில் ஈஸ்ட்ஹாமிலும் மனோர் பார்க்கிலும் ஓரறையில் ஐவராகப் படுத்தெழும்பி, சீட்டுக்கட்டி, இரவும் பகலும் பெற்றோல் நிலையங்களில் நின்று, இல்போர்ட், செவன் கிங்ஸ், குட்மேய்ஸ் என ஒவ்வொரு நிலையமாக நகர்ந்தனர். கோர்பெற் காலத்து வீடு எமக்கு வாய்ப்பாகவே அமைந்தது. மேலே மூன்று அறை; கீழே இரண்டு. முன்னறையில் சுவாமிப்படமும், புதிதாக வந்த மைத்துனருக்கு ஒரு கட்டிலும். பின்வளவில் கோடையில் மூன்று மாதத்துக்குப் பூசணியும் கீரையும் பச்சைமிளகாயும். கறிவேப்பிலை மட்டும் சட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே தூக்கவேண்டிய செல்லப்பிள்ளை. முருங்கை வைத்துப் பார்த்தவர்கள் ஒரு பனிக்காலத்தோடு அந்த ஆசையை விட்டனர்.

2022இல் எலிசபெத் பாதை வந்தபின் குட்மேய்சிலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு மாறியேறாமற் செல்ல முடிகிறது. வீட்டு விலையும் அந்த வண்டியிலேயே ஏறிவிட்டது. பெற்றோர் மூன்று வேலை செய்து வாங்கிய வீதியில் பிள்ளைகள் வாங்க முடியாமல் றொம்போர்ட்டுக்கும் அதற்கப்பாலும் போகின்றனர். நூறாண்டு வழக்கம் தொடர்கிறது என்று ஆறுதலடைவாருமுளர். பேரப்பிள்ளையை வார இறுதியில் மட்டும் காணும் அம்மம்மாமாருக்கு அது ஆறுதலாகாது.

கிங் ஜோர்ஜில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னோம். அவர்களுள் மூத்தவர்கள் முப்பது வயதைத் தாண்டிவிட்டனர். "எந்த ஊர்?" என்று எம்மவர் ஒருவர் கேட்டால் அவர்கள் பெற்றோரின் முகத்தைப் பார்க்கின்றனர், பெற்றோர் "சாவகச்சேரி" என்றோ "நெடுந்தீவு" என்றோ பதிலளிக்கின்றனர். பிள்ளைகளோ அந்த ஊரை இரண்டொரு விடுமுறையிற் கண்டவர்கள். ஆவணத்தின்படி அவர்கள் பிறந்த ஊர் குட்மேய்ஸ். எமது ஊர்ச்சங்கங்கள் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன. ஊரின் குளம், கோயில், பாடசாலை, பெரியோர் எனப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அது வேண்டிய பணியே. ஆனால் குட்மேய்சில் முதன்முதல் வாடகைக்கு வந்த தமிழ்க் குடும்பம் எது, எந்த ஆண்டு, அரிசிமாவும் நல்லெண்ணெயும் விற்ற முதற்கடை எந்த முனையில் இருந்தது, பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த முதல் வகுப்பு எவர் வீட்டு முன்னறையில் நடந்தது என்பவற்றை எவரும் எழுதி வைத்ததாக நாம் அறியோம். அவற்றை அறிந்தோர் எழுபதையும் எண்பதையும் எட்டிவிட்டனர்.

இல்போர்டின் கிளெமென்ற்ஸ் றோட்டில், மத்திய நூலகத்துக் கட்டடத்திலேயே, றெட்பிரிட்ஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளூர் வரலாற்றுக்கான பழைய வரைபடங்களும் புகைப்படங்களும் அந்நூலகத்தில் பேணப்படுகின்றன, பார்ப்பதற்குக் கட்டணமில்லை. வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் 1980களிலும் 1990களிலும் எடுத்த படங்கள், கடைப் பெயர்ப்பலகைகள், கல்யாண அழைப்பிதழ்கள், வகுப்பு வரவேடுகள் வைத்திருப்போர் அவற்றின் பின்புறத்தில் ஆண்டையும் வீதியின் பெயரையும் இப்பொழுதே பென்சிலால் எழுதிவைப்பார்களாக. எமக்கு எழுதியனுப்புவோரின் குறிப்புகளை இப்பத்தியில் வெளியிடுவோம். அடுத்த வாரம் செவன் கிங்ஸ்.